சொல்லுக்காகக் காத்திருந்தவர்

கதை எழுத முனையும் எவருக்கும் சில கவலைகள் உண்டு. எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதோ என்னும் ஐயம். நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒரு பக்கம்கூட நகரவில்லையே என்னும் ஏக்கம். நெருங்கிய நண்பர்கள் படித்துவிட்டு என்ன சொல்வார்களோ என்னும் அச்சம். கதைமாந்தரின் எண்ணத்தைத் தன் எண்ணமாக உலகம் கருதிவிடுமோ என்னும் தயக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தை நம்பி வாழ முடியுமா என்னும் கேள்வி. புதிதாக எழுத வருபவர்கள் இவை தமக்கு மட்டுமே நேர்ந்தவை என்று எண்ணிக்கொள்கின்றனர். தேர்ந்த எழுத்தாளர்களுக்குச் சொற்கள் தாமாகவே வந்து அமையும் என்றும் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு, 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேரின் வாழ்க்கையே போதுமான சான்று. நவீன நாவலின் வடிவத்தை வகுத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அவருக்கு மேற்சொன்ன கவலைகள் அனைத்தும் இருந்தன. இறுதி நாள்வரை அவை அவரை விட்டு நீங்கவும் இல்லை. கவலைகளைச் சுமந்துகொண்டே எப்படி வேலை செய்வது என்பதைத்தான் அவர் கற்றுக்கொண்டார்.

பிரான்ஸின் வடக்கே, நார்மண்டிப் பகுதியின் ரூவான் நகரில் 1821 டிசம்பர் 12 அன்று ஃப்ளோபேர் பிறந்தார். தந்தை அந்நகரப் பொது மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். குடும்பத்தின் குடியிருப்பும் மருத்துவமனை வளாகத்திலேயே இருந்தது. சிறுவன் குஸ்தாவும் தங்கை கரோலினும் தோட்டத்து வேலியில் தொற்றி ஏறி, பிணக்கூறாய்வு நடக்கும் அறையை எட்டிப் பார்ப்பார்களாம். பிற்காலத்தில் விமர்சகர்கள் அவருடைய எழுதுகோலை அறுவைக் கத்தியோடு ஒப்பிட்டபோது இந்தப் பின்னணியும் அவர்கள் நினைவில் இருந்தது.

அண்ணன் தந்தையின் வழியில் மருத்துவரானார். தம்பியைச் சட்டம் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினர். படிப்பில் மனம் ஒட்டவில்லை, தேர்வில் தோல்வி. 1844 ஜனவரியில் அண்ணனுடன் குதிரை வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது திடீரென நினைவிழந்து விழுந்தார். வலிப்பு நோயின் தொடக்கம் அது என்பது பெரும்பாலோர் கருத்து. அந்த நோய் அவரைச் சட்டப் படிப்பிலிருந்து விடுவித்தது. ரூவானுக்கு அருகே, செய்ன் நதிக்கரையில் உள்ள க்ருவாசே என்னும் சிற்றூரில் தந்தை ஒரு வீடு வாங்கினார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கை ஃப்ளோபேர் அந்த வீட்டில்தான் கழித்தார்.

1846-ஆம் ஆண்டு அக்குடும்பத்துக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. ஜனவரியில் தந்தை இறந்தார். மார்ச்சில், ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்த சில வாரங்களில் தங்கை கரோலினும் இறந்தார். தாயும், அந்தக் கைக்குழந்தையும், 24 வயது குஸ்தாவும் க்ருவாசே வீட்டில் எஞ்சினர். குழந்தைக்கும் தாயின் பெயரையே வைத்தனர். ஃப்ளோபேர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மருமகளை வளர்ப்பதும், தாயைக் கவனிப்பதும், எழுதுவதும் அவருடைய அன்றாடமாயின.

ஓர் உண்மையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பச் சொத்தின் வருமானம் இருந்ததால் அவர் பிழைப்புக்காக எழுத வேண்டிய நிலையில் இல்லை. அவருடைய பொறுமைக்குப் பின்னால் இந்தப் பொருளாதாரப் பாதுகாப்பு இருந்தது. அது பறிபோனபோது என்ன நடந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அவர் தம் முழு ஆற்றலையும் திரட்டி எழுதிய முதல் பெரும்படைப்பு புனித அந்தோணியாரின் சோதனையைப் பற்றியது. எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருக்கும் துறவியின் முன் உலகத்தின் எல்லாச் சமயங்களும், ஆசைகளும், அரக்க உருவங்களும் அணிவகுக்கும் பெருங்கனவு அது. 1848 மே மாதம் தொடங்கி 1849 செப்டம்பரில் முடித்தார். முடித்த கையோடு நெருங்கிய நண்பர்கள் இருவரை வீட்டுக்கு வரவழைத்தார். ஒருவர் கவிஞர் லூயி பூயே. மற்றவர் எழுத்தாளர் மாக்ஸிம் து கான். முழுவதையும் படித்து முடிக்கும்வரை இருவரும் கருத்துச் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் நான்கு நாள்கள் ஃப்ளோபேர் உரக்கப் படித்தார். பக்கத்து அறையில் தாய் முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

நான்காம் நாள் நள்ளிரவில் நண்பர்கள் தீர்ப்பளித்தனர். அதை நெருப்பில் போட்டுவிட்டு, மறுபடி அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது என்பது அவர்கள் முடிவு. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைப்பு 32 மணி நேர வாசிப்பில் கவிழ்ந்தது. இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் விரிவாகப் பதிவு செய்தவர் து கான்.

எந்த எழுத்தாளரும் அஞ்சும் தருணம் இது. ஃப்ளோபேர் நொறுங்கித்தான் போனார். ஆனால், நட்பை முறித்துக்கொள்ளவில்லை; கைப்பிரதியை எரிக்கவும் இல்லை. நண்பர்கள் சுட்டிய குறை அவருக்கு விளங்கியிருந்தது. கட்டற்ற கற்பனையும் உணர்ச்சிப் பெருக்கும் அவருடைய இயல்பான நாட்டங்கள். அவற்றை அடக்கும் ஒரு பொருளை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன மருந்து. அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்த, பெரும் பேச்சுக்கு இடமே தராத ஒரு சாதாரணக் கதை அவருக்குத் தேவை என்றனர்.

அதன்பின் து கானுடன் எகிப்து, பாலஸ்தீனம், கிரீஸ் எனப் பயணம் செய்து 1851-இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று புதிய நாவலைத் தொடங்கினார். நார்மண்டியின் சிற்றூர் ஒன்றில் திறமை குறைந்த ஒரு மருத்துவர். அவருடைய மனைவி காதல் கதைகளைப் படித்து, வாழ்க்கையும் அவ்வாறே இருக்கும் என்று நம்பியவள். சலிப்பு, கள்ளக்காதல், கடன், தற்கொலை. கதையின் மூலம் அப்பகுதியில் உண்மையில் நடந்த ஒரு குடும்பத் துயரம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்த நாவல்தான் ‘மதாம் பொவாரி’.

பொருள் சிறியது என்னும் கவலை அவரை அந்த ஆண்டுகள் முழுவதும் வாட்டியது. துறவிகளையும் தெய்வங்களையும் எழுத விரும்பியவருக்கு மருந்துக்கடைக்காரரின் பேச்சையும், மழைநாள் ஊர்த்தெருவையும், ருசியற்ற இரவுணவையும் எழுத வேண்டியிருந்தது. தமக்கு வெறுப்பூட்டும் மனிதர்களின் மொழியில் நாள்தோறும் மூழ்கியிருப்பது குமட்டலைத் தருவதாகக் கடிதங்களில் புலம்பினார். ஆனால், அந்தப் புலம்பலுக்கு நடுவே ஒரு தெளிவு பிறந்தது. இலக்கியத்தில் உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற பாகுபாடு இல்லை. பார்க்கும் முறையும் சொல்லும் நடையுமே ஒரு பொருளுக்கு உயர்வைத் தருகின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். நாவல் கலையின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அரசர்களும் வீரர்களும் இல்லாமல், ஒரு நாட்டுப்புற மருத்துவரின் மனைவியைக் கொண்டு பெருந்துயரக் காவியத்தின் கனத்தை உண்டாக்க முடியும் என்பதை அந்நாவல் நிறுவியது.

அடுத்த கவலை வேகம். நாவல் முடிந்த நாள் 1856 ஏப்ரல் 30. நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இறுதிக் கைப்பிரதி ஏறக்குறைய 500 பக்கங்கள். சராசரியாகக் கணக்கிட்டால் வாரத்துக்கு இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்குப் பின்னால் கிடந்தது மலைபோன்ற உழைப்பு. ரூவான் நகர நூலகத்தில் பாதுகாக்கப்படும் இந்நாவலின் வரைவுகள் மட்டும் சுமார் 4,500 பக்கங்கள். ஒரே பக்கத்தைப் பத்து முறைக்கு மேல் திருத்தி எழுதிய இடங்கள் அவற்றில் உண்டு. அடித்தல்களும் ஓரக் குறிப்புகளும் நிறைந்த அந்தத் தாள்களைப் பார்ப்பவர்களுக்கு, அவர் எழுதியதைவிட நீக்கியதே அதிகம் என்பது விளங்கும்.

எழுதிய வாக்கியத்தைச் சோதிக்க அவர் கையாண்ட வழி எளிமையானது: உரக்கப் படித்தல். க்ருவாசே வீட்டுத் தோட்டத்தில் வரிசையாக மரங்கள் நின்ற நடைபாதையிலும், இரவில் தம் அறையிலும் வாக்கியங்களை முழங்குவார். மூச்சுத் திணறினால் வாக்கியம் சரியில்லை என்று பொருள். அருகருகே ஒரே ஒலி வந்து மோதினால், ஒரே சொல் சில வரிகளுக்குள் திரும்ப வந்தால், அதை மாற்றும்வரை அவருக்கு உறக்கமில்லை. பிரெஞ்சு மொழியில் அடிக்கடி வரும் சிறு இணைப்புச் சொற்களைக் குறைப்பதற்காகவே நாள்களைச் செலவிட்டார். தமிழில் எழுதுபவர் ‘ஒரு’, ‘இருந்தது’, ‘என்று’ ஆகியவை ஒரே பத்தியில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் துன்பத்தின் தன்மை புரியும்.

இதைச் சொல்லலங்கார மோகம் என்று சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. ஒரு பொருளைச் சரியாகக் குறிக்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்றும், அந்தச் சொல் கிடைத்தால் ஓசையும் தானே அமைந்துவிடும் என்றும் அவர் நம்பினார். ஆகவே, காதுக்கு இடறும் வாக்கியம் அவரைப் பொறுத்தவரை சரியாகச் சிந்திக்கப்படாத வாக்கியம். ஓசையைத் திருத்துவதன் வழியே அவர் சிந்தனையைத் திருத்திக்கொண்டார்.

நடைக்கு அடுத்தபடி அவரைத் திணறடித்தது காட்சி அமைப்பு. நாவலில் வரும் வேளாண் கண்காட்சி இதற்குத் தக்க சான்று. ஊர்ச் சதுக்கத்தில் அரசு அதிகாரி மேடையேறி உழவையும் நாட்டின் வளத்தையும் புகழ்ந்து பேசுகிறார். அதே நேரத்தில், மேலே ஊராட்சி மன்றக் கட்டடத்தின் சாளரத்தருகே நின்றுகொண்டு ரொதோல்ஃப் என்னும் செல்வந்தன் எம்மாவிடம் காதல் மொழி பேசுகிறான். கீழே மாட்டுக்கும் எருவுக்கும் பரிசு அறிவிக்கப்படுகிறது. மேலே விதியைப் பற்றியும் ஆன்மாக்களின் ஈர்ப்பைப் பற்றியும் வசனம் ஓடுகிறது. இரண்டு பேச்சுகளும் மாறிமாறி வெட்டிக்கொள்ளும்போது, இரண்டும் ஒரே அளவு வெற்றுப் பேச்சு என்பது ஆசிரியர் சொல்லாமலேயே வாசகருக்குப் புலப்படுகிறது. இந்த ஒரு காட்சிக்கு அவர் மாதக்கணக்கில் உழைத்தார். கூட்டத்தின் இரைச்சல், மாடுகளின் கத்தல், இருவரின் உரையாடல் அனைத்தும் இசைக்குழுவின் வாத்தியங்களைப் போல ஒருங்கே ஒலிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பின்னாளில் திரைப்படம் இரு காட்சிகளை மாற்றிமாற்றி வெட்டிக் காட்டியபோது, இந்த அத்தியாயத்தை அதன் முன்னோடியாகப் பலர் சுட்டினர்.

மிகக் கடினமான சிக்கல், கதையில் ஆசிரியர் எங்கே நிற்பது என்பது. அவர் காலத்து நாவல்களில் ஆசிரியர் இடையிடையே வந்து நல்லவரைப் பாராட்டுவார், தீயவரைக் கண்டிப்பார், வாசகருக்கு அறம் உரைப்பார். ஃப்ளோபேர் அதை விலக்கினார். படைப்பில் இறைவன் எங்கும் நிறைந்திருந்தும் எங்கும் கண்ணுக்குப் புலப்படாதிருப்பதைப் போல ஆசிரியர் தம் நூலில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எம்மாவின் எண்ணங்களை, அவள் நினைத்தாள் என்ற அறிவிப்புகூட இல்லாமல், கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே கலந்து எழுதினார். இன்றைய தமிழ்க் கதைகளில் நாம் இயல்பாகக் கடந்து செல்லும் இந்த உத்தி, அன்றைய வாசகருக்குப் பழக்கமற்றது. இவை எம்மாவின் எண்ணங்களா, ஆசிரியரின் கருத்துகளா என்று அவர்கள் குழம்பினர்.

அந்தக் குழப்பம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘ரெவ்யூ த பாரி’ இதழில் நாவல் தொடராக வந்தது. அவ்விதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர் அதே நண்பர் து கான். அரசின் சினத்துக்கு அஞ்சிய இதழ் சில பகுதிகளை நீக்கியது. ஃப்ளோபேர் கொதித்தார். நீக்கியும் பயனில்லை. பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் இழுக்கு விளைவித்ததாக வழக்கு தொடரப்பட்டு, 1857 ஜனவரி 29 அன்று விசாரணை நடந்தது.

அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார் நாவலைக் கூர்ந்து படித்திருந்தார். எம்மா முதன்முறை தவறியபின் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மகிழும் பகுதியைக் காட்டி, இது கள்ளக்காதலைப் போற்றும் கவிதை என்றார். இந்நூலில் அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. ஒருவகையில் அது துல்லியமான வாசிப்பு. ஃப்ளோபேர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தம் தீர்ப்பை நூலிலிருந்து நீக்கியிருந்தார். அந்த வெற்றிடத்தையே குற்றமாகச் சுட்டினார் வழக்கறிஞர். எதிர்த்தரப்பில் வாதிட்ட ஜூல் செனார், தவறிய பெண்ணின் கொடிய முடிவைக் காட்டுவதால் இது ஒழுக்கம் போதிக்கும் நூலே என்றார். பிப்ரவரி 7 அன்று நீதிமன்றம் கண்டனச் சொற்களுடன் ஃப்ளோபேரை விடுவித்தது. நன்றியறிதலாக நூலை அவர் செனாருக்குக் காணிக்கையாக்கினார்.

அதே 1857 ஆகஸ்டில் அதே பினார் கவிஞர் பொதலேர் மீது வழக்கு நடத்தினார். பொதலேருக்கு 300 பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது; ஆறு கவிதைகள் தடை செய்யப்பட்டன. பாத்திரத்தின் குரலும் படைப்பாளியின் குரலும் ஒன்றல்ல என்பதை அதிகாரத்துக்கு உணர்த்துவது அன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு அந்த ஓராண்டு சாட்சி. இன்றும் அது எளிதாகிவிடவில்லை. கதைமாந்தர் பேசிய ஒரு வரிக்காக எழுத்தாளரை மிரட்டும் நிகழ்ச்சிகளை நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்கு நாவலுக்கு விளம்பரமாயிற்று. 1857 ஏப்ரலில் நூல்வடிவம் வந்து விரைவாக விற்றது. ஆனால், ஃப்ளோபேர் நூலின் ஐந்தாண்டு உரிமையைப் பதிப்பாளருக்கு 800 பிராங்குக்கு முன்னரே கொடுத்திருந்தார். விற்பனையைக் கண்ட பதிப்பாளர் மேலும் 500 பிராங்க் கொடுத்தார். ஐந்தாண்டு உழைப்புக்குக் கிடைத்தது அவ்வளவே. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு நூலின் பெயராலேயே தாம் அறியப்படுவது அவருக்கு எரிச்சலையும் தந்தது. முதல் வெற்றியே பின்னர் சுமையாவதும் எழுத்தாளர்களின் பழைய கவலைகளில் ஒன்றுதான்.

அடுத்து, பண்டைய கார்த்தேஜ் நகரைக் களமாகக் கொண்டு ‘சலாம்போ’ நாவலைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான நூல்களைப் படித்தும் நிறைவில்லாமல், 1858-இல் துனீசியா சென்று இடிபாடுகளை நேரில் பார்த்தார். பார்த்தபின், அதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1862-இல் அது வெளிவந்தது. 1869-இல் வந்த ‘உணர்ச்சிக் கல்வி’ நாவலில், 1848 புரட்சி நாள்களில் பாரிசிலிருந்து ஃபோந்தென்ப்ளோவுக்குச் செல்லும் காதலர்களை ரயிலில் பயணம் செய்வதாக எழுதியிருந்தார். அந்த ஆண்டில் அவ்வழியில் ரயில் பாதையே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. எந்த வாசகரும் கவனித்திருக்க மாட்டார். அவர் அப்பகுதிகளை இடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

அவ்வளவு உழைத்த ‘உணர்ச்சிக் கல்வி’யை விமர்சகர்கள் பெரும்பாலும் தூற்றினர். நாயகனிடம் வீரமில்லை, கதையில் நிகழ்ச்சியில்லை என்றனர். ஒரு தலைமுறையின் வீணாய்ப்போன கனவுகளைச் சொன்ன அந்நூலின் அருமையை அடுத்த தலைமுறையே உணர்ந்தது. நூல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன் லூயி பூயே இறந்திருந்தார். ஞாயிறுதோறும் க்ருவாசே வந்து, எழுதிய பக்கங்களை வரிவரியாகக் கேட்டுத் திருத்தியவர் அவர். அன்று புனித அந்தோணியாரை எரிக்கச் சொன்னவரும் அவரே. அவருடைய மறைவைத் தம் இலக்கிய மனச்சாட்சியின் இழப்பாகவே ஃப்ளோபேர் கருதினார்.

அதன்பின் இழப்புகள் வரிசையாக வந்தன. 1870-இல் பிரான்ஸின் மீது படையெடுத்த பிரஷ்யப் படையினர் அவருடைய வீட்டிலேயே தங்கினர். 1872-இல் தாய் இறந்தார். 1874-இல் அரங்கேறிய அவருடைய நாடகம் நான்கே காட்சிகளில் நிறுத்தப்பட்டது. 1875-இல் மருமகள் கரோலினின் கணவர் தொழிலில் நொடித்துப்போனார். தாம் வளர்த்த பெண்ணைத் திவாலிலிருந்து காப்பாற்ற, தமக்கு வருமானம் தந்துவந்த பண்ணையை ஃப்ளோபேர் விற்றுக் கொடுத்தார். 53 வயதில், முதன்முறையாகப் பணக் கவலை அவர் மேசையருகே வந்து உட்கார்ந்தது.

இனி எழுதவே முடியாது என்று நினைத்த காலம் அது. பெரிய நாவலை ஒதுக்கிவைத்துவிட்டு, பிரித்தானிக் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் சென்றார். கை பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு சிறு கதையைத் தொடங்கினார். அது ‘மூன்று கதைகள்’ என்னும் தொகுப்பாக வளர்ந்தது. அதில் இடம்பெற்ற ‘எளிய இதயம்’, ஃபெலிசிதே என்னும் வேலைக்காரப் பெண்ணின் கதை. காதலனையும், வளர்த்த குழந்தையையும், மருமகனையும் இழக்கும் அவளுக்குக் கடைசியில் எஞ்சுவது ஒரு கிளி. அதுவும் இறந்தபின் அதைப் பாடம் செய்து வைத்துக்கொள்கிறாள். இறக்கும் தருணத்தில் அந்தக் கிளியே பரிசுத்த ஆவியாக அவளுக்குத் தோன்றுகிறது. இந்தக் கதைக்காக ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த கிளி ஒன்றை இரவல் வாங்கி மேசைமீது வைத்துக்கொண்டு ஃப்ளோபேர் எழுதினார்.

இக்கதைக்குப் பின்னால் ஒரு நட்பு உண்டு. மூத்த நாவலாசிரியை ஜார்ஜ் சாண்ட் கடிதங்களில் அவரிடம் ஓயாமல் வாதிட்டுவந்தார். படைப்பில் ஆசிரியர் தம் இதயத்தை மறைப்பது வாசகருக்கு ஆறுதலை மறுப்பதாகும் என்பது அவர் கட்சி. அவருக்கு மறுமொழியாக, அவரை மகிழ்விக்கவே ஃப்ளோபேர் இக்கதையை எழுதினார். கதை முடிவதற்குள், 1876 ஜூனில், ஜார்ஜ் சாண்ட் இறந்துவிட்டார். எவருக்காக எழுதினாரோ அவர் படிக்கவில்லை. ஆனால், வறட்சியான எழுத்தாளர் என்று ஃப்ளோபேரைப் பழித்தவர்களுக்கு அக்கதையே விடையாக நிற்கிறது. தம் கொள்கையை அவர் கைவிடவில்லை; கருணை காட்டும்படி வாசகரைக் கேட்கும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. வாசகர் கலங்குவது அதனால்தான்.

அந்த ஆண்டுகளில் அவரிடம் ஓர் இளைஞர் வந்துபோய்க்கொண்டிருந்தார். பாரிசில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கீ த மாப்பசான். ஃப்ளோபேரின் இளமைக்கால நண்பர் ஒருவரின் தங்கை மகன். ஏறத்தாழ ஏழாண்டுகள் அவருடைய கதைகளையும் கவிதைகளையும் படித்துத் திருத்தினார் ஃப்ளோபேர். அவசரப்பட்டு அச்சேற்ற வேண்டாம் என்று தடுத்தார். தெருவில் நிற்கும் ஒரு வண்டிக் குதிரையை, அதற்கு முன்னும் பின்னும் வரும் ஐம்பது குதிரைகளிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்பதை ஒரே சொல்லில் காட்டும்படி பயிற்சி கொடுத்தார். 1880 ஏப்ரலில் மாப்பசானின் ‘பூல் த ஸுயிஃப்’ வெளிவந்தது. அது காலத்தை வென்று நிற்கும் என்று ஆசிரியர் முன்னரே கணித்திருந்தார். மாப்பசான் பிற்காலத்தில் உலகச் சிறுகதைக்கே வழிகாட்டியானார். தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளும் அவரைப் படித்தனர். புதுமைப்பித்தன் அவருடைய கதைகளைத் தழுவி எழுதியதும் உண்டு. அந்த வகையில், க்ருவாசே வீட்டு மேசையிலிருந்து ஒரு மெல்லிய இழை தமிழ்வரை நீள்கிறது.

பண நெருக்கடி முற்றியபோது நண்பர்கள் முயன்று, நூலகம் ஒன்றில் ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஊதியத்துடன் பெயரளவிலான பணி ஒன்றைப் பெற்றுத் தந்தனர். தன்மானம் தடுத்தும் வேறு வழியின்றி ஏற்றார். அப்போது எழுதிக்கொண்டிருந்தது ‘பூவார், பெக்குஷே’ என்னும் நாவல். எல்லா அறிவுத் துறைகளையும் கற்றுவிட முயன்று, எல்லாவற்றிலும் தோற்கும் இரண்டு எழுத்தர்களின் கதை. அதற்காக 1,500-க்கும் மேற்பட்ட நூல்களைப் படித்தார். 1880 மே 8 அன்று, 58-ஆவது வயதில், க்ருவாசே வீட்டில் திடீரென இறந்தார். நாவல் முற்றுப்பெறவில்லை. அடுத்த ஆண்டே வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. நதிக்கரையில் இருந்த சிறு மண்டபம் மட்டும் இன்று நினைவகமாக நிற்கிறது.

ஃப்ளோபேரின் வழியே எல்லோருக்கும் உரிய வழி என்று சொல்வதற்கில்லை. அவர் பிறந்த அதே 1821-இல் ரஷியாவில் பிறந்த தாஸ்தாயெவ்ஸ்கி, கடன்காரர்களுக்கும் பதிப்பாளரின் கெடுவுக்கும் அஞ்சி, ‘சூதாடி’ நாவலை 26 நாள்களில் சொல்லச்சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதவைத்தார். அதுவும் இலக்கியமாகவே நிலைத்தது. குழந்தைகளையும் அலுவலகத்தையும் கவனித்துவிட்டு, கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதுபவரிடம் வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று அறிவுரை கூறுவது பொருந்தாது.

ஆயினும், அவர் வாழ்க்கை தரும் பாடம் வேகத்தைப் பற்றியதன்று. இது போதுமா என்னும் ஐயத்தை அவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலையாக மாற்றினார். பொருள் சிறிதோ என்ற ஐயம் அவரைக் கூர்ந்து பார்க்க வைத்தது. வாக்கியம் சரியில்லையோ என்ற ஐயம் உரக்கப் படிக்க வைத்தது. தகவல் பிழையோ என்ற ஐயம் துனீசியாவுக்குப் பயணப்பட வைத்தது. நண்பர் என்ன சொல்வாரோ என்ற அச்சத்தோடே அவர் ஞாயிறுதோறும் நண்பரை அழைத்தார்.

இன்று எழுதி முடித்த சில நிமிடங்களில் படைப்பு உலகத்தின் முன் வந்துவிடுகிறது. பாராட்டும் உடனே வந்துவிடுகிறது. எழுதுபவர்களின் எண்ணிக்கை பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், வேண்டாம், இன்னும் வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு பூயே அருகில் இருக்கும் எழுத்தாளர்கள் எத்தனை பேர்? அப்படி ஒருவர் வாய்த்தாலும், அவர் சொல்லைப் பகையாகக் கொள்ளாமல் மறுநாள் காலை மேசைக்குத் திரும்பும் மனவலிமை எத்தனை பேருக்கு உண்டு?

எரிக்கச் சொன்ன அந்தக் கைப்பிரதியை ஃப்ளோபேர் எரிக்கவில்லை என்று முன்னர் கண்டோம். அதை அவர் 1856-இல் ஒருமுறை திருத்தினார்; பின்னர் முற்றிலும் மாற்றி எழுதினார். ‘புனித அந்தோணியாரின் சோதனை’ 1874-இல் நூலாக வெளிவந்தது. நண்பர்களின் தீர்ப்புக்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. தம் படைப்பைப் பற்றிய ஐயம் எழும் நேரத்தில், எழுதுபவர்கள் அந்த இருபத்தைந்து ஆண்டுகளை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.